எல்லைப்புறக் கடிதம்: முதுகலைப் படிப்பும் முப்பது மதிப்பெண்ணும்

சென்ற இதழில் கோடை விடுமுறை வண்டிகளைப் பற்றி நான் எழுதிய குறிப்பைப் படித்த சித்தூர் வட்டத்து அன்பர் ஒருவர், வண்டியைப் பற்றி ஒன்றும் கேளாமல் வேறொரு விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார். "தங்கள் தங்கையார் தோட்டப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்துகொண்டே இணையவழியில் முதுகலை பயில்வதாக அறிந்தேன். என் மூத்த மகளும் தமிழாசிரியைதான். அவளையும் சேர்க்கலாமா? திரையில் என்னதான் கற்பிக்கிறார்கள்? எவ்விதம் பரீட்சிக்கிறார்கள்? பணம் வீணாகிவிடாதா?" என்பது அவர் கேள்வி.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். தந்தையார் பணியில் இருக்கையிலேயே காலமானமையால் ரயில்வேயில் கடைநிலை வேலையில் நுழைந்து, துறைத் தேர்வெழுதி எழுத்தரானவன். முதுகலைப் படிப்பைப் பற்றி இவன் எழுதுவதா என்று அன்பர்கள் நகைக்கக் கூடும். எனினும் இரண்டாண்டுக் காலமாகத் தங்கையின் படிப்புக்குப் பணம் கட்டியவனும், அவள் தேர்வெழுத வந்தபோது வண்டி ஏற்றிவிட்டவனும், அவள் கண்ணீரைக் கண்டவனும் நானே. ஆகையால் கண்டதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கொள்கிறேன்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்து விடுகிறேன். இணையவழிப் படிப்பு என்பது நேற்று முளைத்த காளான் அன்று. 1962-ஆம் ஆண்டிலேயே தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. 1985-இல் இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. நம் தமிழுக்கென்றே, 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் அறிவிக்கப்பெற்று, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது; இன்று அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். கடல் கடந்த தமிழர் பிள்ளைகள் அதன் வழியே அரிச்சுவடி பயில்கிறார்கள். தபால்காரர் கொணர்ந்த பாடக்கட்டு இன்று கைப்பேசியில் வருகிறது என்பதே மாற்றம். முழுப் பட்டத்தையும் இணையவழியே வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதி வகுத்து, 2020-இல் அதனைத் திருத்தி அமைத்தது.

அவ்விதியின்படி ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு கூறுகள் உண்டு. காணொளி விளக்கம் ஒன்று. படித்துக்கொள்ள வேண்டிய எழுத்துப் பாடம் ஒன்று. மாணவரும் ஆசிரியரும் ஐயம் கேட்டுத் தெளியும் கலந்துரையாடல் ஒன்று. தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் மதிப்பீடு ஒன்று. மதிப்பெண்ணில் பெரும்பகுதி, அதாவது 70 விழுக்காடு, பருவ இறுதித் தேர்வுக்கு. எஞ்சிய 30 இடையிடையே எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும்.

பாட அளவைக் 'கிரெடிட்' என்னும் மதிப்பலகால் கணக்கிடுகிறார்கள். ஒரு மதிப்பலகு என்றால் ஏறத்தாழ 30 மணி நேர உழைப்பு. 80 மதிப்பலகுள்ள முதுகலை என்றால் 2400 மணி. கணக்கெழுதும் தொழிலாளி ஆகையால் நான் அதை இரண்டாண்டின் 730 நாட்களுக்கு வகுத்துப் பார்த்தேன். ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், உறவினர் திருமணம் எதுவும் கழியாமல் நாளொன்றுக்கு மூன்றேகால் மணிக்கு மேல் வருகிறது. சேருமுன்னர் இந்த ஒரு கணக்கை வீட்டார் அனைவரும் கூடி அமர்ந்து பார்க்க வேண்டும். அம்மூன்றேகால் மணியில் அடுப்படியில் நிற்கப் போவது யார், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் போவது யார் என்பதும் அக்கணக்கில் சேர்ந்ததுதான். என் மைத்துனர் தேயிலைத் தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவர். இரவுச் சோற்றை அவரே வடித்தார் என்பதை அவர் வெட்கப்பட்டாலும் நான் இங்கே எழுதியே தீருவேன்.

தங்கையின் பள்ளி மூணாறுக்கு அப்பால் உள்ளது. 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் கேரளத்தோடு நின்றன என்பது நம் இல்லங்கள் அறிந்த கதை. கேரளம் நம் தொழிலாளர் குழந்தைகளுக்குத் தமிழ்வழிப் பள்ளிகளை வைத்திருக்கிறது. பாடநூலையும் தமிழில் அச்சிட்டுத் தருகிறது. ஆனால் மேனிலை வகுப்பு ஆசிரியராக வேண்டுமானால் முதுகலைப் பட்டமும், பி.எட். பட்டமும், அவற்றோடு மாநிலத் தகுதித் தேர்வான 'செட்' தேர்ச்சியும் வேண்டும். பி.எட். அவளிடம் இருந்தது. முதுகலை இல்லை. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை உண்டு. ஆனால் வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டு மலையிறங்கி வந்து பயில எந்தக் குடும்பத்தால் இயலும்? ஆகையால் இணையவழி.

இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயில் இல்லை. ஒரு காலத்தில் மூணாற்றுக் குண்டளப் பள்ளத்தாக்கில் 1902 முதல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908 முதல் குறுகிய பாதை ரயிலும் ஓடின. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் பாதையையே அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு எவரும் அங்கே தண்டவாளம் போடவில்லை. 'எங்களவர் வராத மலைக்குப் பல்கலைக்கழகம் வந்துவிட்டதே' என்று முதல் நாளில் நான் பெருமிதம் கொண்டேன். வந்தது உண்மை; ஆயினும் லயத்துக்குள் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டில் நின்றால்தான் டவர் கிடைத்தது. மாலை ஏழு மணி நேரடி வகுப்புக்கு அவள் மேட்டில் நின்றாள். மழைக்காலத்தில் குடை பிடித்துக்கொண்டு சங்க இலக்கியம் கேட்டாள். பதிவு செய்த காணொளியைப் பிறகு பார்க்கலாம் என்னும் வசதி இல்லாதிருந்தால் முதற்பருவத்தோடு முடிந்திருக்கும்.

கற்பித்ததில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மொழி கற்பித்தல் என்றொரு தாள் இருந்தது. அதன் பாடத்தை அவள் எனக்குப் படித்துக் காட்டிய இரவில்தான், நான் பள்ளியில் ஏன் ஆங்கிலத்தில் தோற்றேன் என்பது ஒருவாறு விளங்கிற்று. பிட் கார்டர் என்னும் அறிஞர் 1967-இலேயே ஒன்று கூறினாராம். மாணவன் செய்யும் பிழை வெறும் குற்றமன்று. அவன் மனத்துக்குள் மொழி எவ்வாறு உருவாகி வருகிறது என்பதை ஆசிரியனுக்குக் காட்டும் சான்று அது, என்பது அவர் கருத்து. எங்கள் வாத்தியாருக்கு இது தெரிந்திருந்தால் என் விரல் மொளிகள் எவ்வளவோ தப்பியிருக்கும்.

இன்னொன்று என் தொழிலுக்கே நெருங்கியது. என். எஸ். பிரபு என்பவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியைச் சொல்லி மனப்பாடம் செய்விப்பதை விட்டு, மாணவர்க்கு ஒரு வேலை கொடுப்பது. அவ்வேலையில் அறிவு முழுவதும் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. அவ்வேலைகளுள் ஒன்று, ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் சென்றால் எப்போது சேரலாம் என்று கண்டுபிடிப்பது! நாள் முழுதும் நான் சாளரத்தின் பின்னால் அமர்ந்து செய்யும் காரியம் உலகமெங்கும் மொழியாசிரியர்கள் படிக்கும் பாடமாயிருக்கிறது என்றறிந்து, அன்றிரவு சற்றுக் கர்வத்தோடு உறங்கினேன்.

குறையெல்லாம் மதிப்பிடுவதில் இருந்தது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

சிறு தேர்வுகளைக் கணினியே திருத்தும். ஒரு முறை இலக்கணக் கேள்விக்கு விடையைத் தட்டெழுதச் சொன்னார்கள். தங்கை 'வேற்றுமைத் தொகை' என்று இடம் விட்டு எழுதினாள். இயந்திரத்துக்குக் கற்பித்திருந்த விடையோ இடம் விடாத 'வேற்றுமைத்தொகை'. சுழியம் விழுந்தது. தமிழாசிரியை ஒருத்திக்குத் தமிழ் இலக்கணத்தில் சுழியம்! எழுதிக் கேட்ட பிறகு அதை மட்டும் திருத்தினார்கள். இது சிறிய விஷயம், சிரித்துவிட்டுப் போகலாம்.

பெரிய விஷயம் ஒப்படைப்பு. "உம் மாணவர் எழுத்தில் காணும் பிழைகளைத் தொகுத்து ஆராய்க" என்று ஒன்று கேட்டிருந்தார்கள். அருமையான கேள்வி. எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் எழுத இயலாது. இன்று பலரும் செய்வதுபோல் கணினியின் செயற்கை அறிவிடம் கேட்டு அழகாக அச்சடித்துத் தந்துவிடவும் இயலாது. தன் வகுப்பு நோட்டுப் புத்தகங்களைத் திறந்தே ஆக வேண்டும். தங்கை இருபத்திரண்டு குழந்தைகளின் நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பதினைந்து இரவுகள் உட்கார்ந்தாள். 'எனக்கு மனசிலாச்சு' என்று எழுதியவர் எத்தனை பேர், 'அம்மா வெள்ளம் கொடுத்தாள்' என்று எழுதியவர் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டாள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பெருக்கெடுத்து வருவது அவர்களுக்கு வெள்ளப்பொக்கம். நமக்கு வெள்ளம் என்றால் பெருக்குதான். எல்லைப்புறத்துக் குழந்தை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இவற்றையெல்லாம் பிழை என்று வகைப்படுத்திப் பதினெட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாள்.

ஏழு வாரம் கழித்து விடை வந்தது. '30-க்கு 17.' அவ்வளவே. ஒரு சொல் இல்லை. பக்கங்களில் எங்கும் ஒரு கோடுகூட இல்லை. படித்தார்களா என்பதற்கே அடையாளம் இல்லை.

தொலைபேசியில் அவள் குரல் கம்மியிருந்தது. "அண்ணா, பதினேழு என்பதற்கு எனக்கு வருத்தமில்லை. எதனால் பதினேழு என்று தெரிந்தால் அடுத்த முறை பதினெட்டு வாங்க முயல்வேன். தெரியாதபோது எதை முயல்வது? நிறுத்திவிடட்டுமா?" என்றாள்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கட்டிய பணம் முதலில் நினைவுக்கு வந்தது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் என் துறைத் தேர்வு நினைவுக்கு வந்தது. முதல் முறை தோற்றேன். பலகையில் என் எண் இல்லை என்பதன்றி, எந்தக் கணக்கில் எங்கே தவறினேன் என்று எவரும் சொன்னதில்லை. மறு ஆண்டு அதே தவறுகளோடுதான் மீண்டும் எழுதியிருப்பேன். கேள்விகள் மாறிவிட்டதால் பிழைத்தேன். "இந்த ஒரு பருவம் முடியட்டும் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கலந்துரையாடல் பகுதியில் பணிவாகக் கேட்டு எழுதினாள், பதில் இல்லை. அலுவலகத்துக்கு எழுதினாள், 'விதிமுறைப்படி மதிப்பிடப்பட்டுள்ளது' என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியை நானும் என் அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குத் தட்டெழுதி அனுப்பியவன் ஆகையால், அதன் பொருள் எனக்கு நன்கு தெரியும்.

மதிப்பெண்ணுக்கும் குறிப்புரைக்கும் உள்ள வேற்றுமையை அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதைத் தங்கையின் பாடத்திலேயே பின்னர்க் கண்டோம். இஸ்ரேல் நாட்டில் ரூத் பட்லர் என்னும் அம்மையார் 1988-இல் வெளியிட்ட ஆய்வு அது. சில மாணவர்க்கு மதிப்பெண் மட்டும், சிலர்க்குக் குறிப்புரை மட்டும், சிலர்க்கு இரண்டும் தந்து பார்த்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினர். இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். எண் கண்ணிற் பட்டதும் எழுத்தை எவரும் படிப்பதில்லை போலும். இதைப் பாடமாக வைத்திருக்கும் படிப்பிலேயே 'பதினேழு' என்று மட்டும் எழுதி அனுப்பினார்கள் என்பதை நினைக்கையில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மதிப்பிடுகிறவர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. ஒருவர் கையில் எத்தனை நூறு ஒப்படைப்புகள் குவிகின்றனவோ! பிரதி ஒன்றுக்குக் கிடைக்கும் சன்மானமோ சொற்பம். பதினெட்டுப் பக்கத்தையும் படித்து அரைப்பக்கம் எழுதினால் ஒரு மணி போய்விடும். நேரில் கற்பிக்கும் கல்லூரியில் ஆசிரியர் ஒன்றும் எழுதாமல் விட்டாலும், மாணவி நடைவழியில் மறித்து "ஐயா, ஏன்?" என்று கேட்டுவிடலாம். இணையவழியில் அந்நடைவழி இல்லை. ஒப்படைப்பின் ஓரத்தில் எழுதும் இரண்டு வரிதான் நடைவழி.

இரண்டாம் பருவத்தில் வேறொரு ஆசிரியர் வாய்த்தார். அவர் முகத்தை அவள் கண்டதில்லை. முந்தைய ஒப்படைப்பின் தொடர்ச்சியாக அவள் எழுதியனுப்பியதற்கு மறுமொழி வந்தது. மதிப்பெண் 19. அதன் கீழே அரைப்பக்கம் தமிழில் எழுதியிருந்தார். அதன் சாரத்தைச் சொல்கிறேன். "வெள்ளம் என்னும் சொல்லைப் பிழை என்று அடித்துவிட்டீர்கள். குழந்தை அதை எங்கே பெற்றது என்று கேட்டீர்களா? கடையில் கேட்டிருக்கும், விளையாட்டுத் தோழனிடம் பெற்றிருக்கும். அங்கே அது சரியான சொல். அடிப்பதை விட்டு, இரு மொழிச் சொற்களையும் அருகருகே எழுதச் செய்யுங்கள். எங்கே எது பொருந்தும் என்று குழந்தையே சொல்லட்டும். என்ன நடந்தது என்று அடுத்த ஒப்படைப்பில் எழுதுங்கள்."

தங்கை அதை மூன்று முறை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். முன்னைக்கு இரண்டே மதிப்பெண் கூடுதல். ஆயினும் நிறுத்திவிடும் பேச்சு அன்றோடு நின்றது.

மறுநாளே வகுப்பில் நோட்டை நடுவில் கோடு போட்டு மடிக்கச் சொன்னாளாம். ஒரு பக்கம் வீட்டுச் சொல், ஒரு பக்கம் கடைச் சொல். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நாற்பது சொல் வரை சேர்ந்தன. அவற்றுள் சில தங்கைக்கே புதியவை. ஒரு சிறுமி எழுந்து, 2018-ஆம் ஆண்டு மழையைப் பற்றிப் பாட்டி சொன்னதைச் சொன்னாள். "வெள்ளம் வந்தப்ப குடிக்க வெள்ளமே இல்லையாம் டீச்சர்!" என்று சொல்லிவிட்டுத் தானே நின்று யோசித்து, "முதல் வெள்ளம் தமிழ், ரெண்டாவது மலையாளம்" என்று விளக்கவும் செய்தாளாம். அதையே அவள் அடுத்த ஒப்படைப்பின் முதல் வரியாக எழுதினாள்.

இறுதித் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவளுக்குத் தேர்வு மையம் கோயம்புத்தூரில் கிடைத்தது. மறையூர், சின்னாறு, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி என்று பேருந்தில் இறங்கி, பாலக்காட்டில் எங்கள் ரயில்வே குடியிருப்பில் தங்கி, விடியற்கால வண்டியில் போய் வந்தாள். மூன்று மணி நேரத் தேர்வு. 'நுண்ணிலைக் கற்பித்தல் என்றால் என்ன? வரையறுக்க' என்பது போன்ற கேள்விகள். பதினோராண்டு வகுப்பில் நின்ற ஆசிரியையிடம் இதைக் கேட்பது, நிலைய அதிகாரியை உட்காரவைத்துப் பச்சைக்கொடிக்கு இலக்கணம் எழுது என்பதைப் போன்றது. அவள் பாடம் நடத்துவதைப் பத்து நிமிடம் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். வேறு சில படிப்புகளில் அப்படியும் கேட்கிறார்கள் என்று அறிகிறேன். இங்கே 70 மதிப்பெண்ணும் நினைவாற்றலுக்கே போயிற்று. போகட்டும், தேறிவிட்டாள்.

இனிச் சித்தூர் அன்பருக்கு. மகளைச் சேர்க்குமுன், அந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் குறிப்பிட்ட பாடமும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில், சேரும் அந்தப் பருவத்துக்கே இருக்கிறதா என்று தாங்களே பார்க்க வேண்டும். போன வருடம் இருந்தது என்பது போதாது. 2024 முதல் சேர்க்கைக்கு 'டெப்' அடையாள எண் ஒன்றை மாணவரே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனைக் கேட்காமலே பணத்தை வாங்கிக்கொள்ள முன்வருகிறவரிடம் எச்சரிக்கை வேண்டும். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்து மாடியில் பலகை மாட்டியிருக்கிறார்களே என்று நம்பிப் பணம் கட்டவேண்டாம். கிளை உரிமம் கொடுத்து நடத்துவதை விதி தடுக்கிறது. அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு நிகர் என்று 2022-இல் மானியக் குழு மீண்டும் தெளிவுபடுத்தியுள்ளது. பி.எட். பட்டத்தையும் இணையவழியே வாங்கித் தருகிறேன் என்று எவரேனும் சொன்னால் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இவற்றோடு நான் ஒன்று சேர்ப்பேன். அங்கே இப்போது பயிலும் ஒருவரைத் தேடிப் பிடித்து, திருத்தி வந்த ஒப்படைப்பு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எண் மட்டும் இருக்கிறதா, எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தைப் பிறகு கேட்கலாம்.

தங்கை இப்போது 'செட்' தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். சென்ற வாரம் பேசியபோது, "அண்ணா, உங்கள் அலுவலகத்தில் பழைய கால அட்டவணைப் புத்தகங்கள் கிடக்குமே, வகுப்புக்கு ஒரு இருபது வேண்டும்" என்றாள். ரயிலையே பார்த்திராத குழந்தைகள் அவ்வகுப்பில் பாதிப் பேர். பழுப்பேறிய பதினாறு பிரதிகள்தாம் அகப்பட்டன. சணல் கட்டி, உடுமலை வழியாக மூணாறு செல்லும் பேருந்தில் நடத்துநரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாலக்காட்டிலிருந்து மதுரைக்குப் பழனி வழியே எந்த வண்டியில் போனால் பாட்டி வீட்டுக்கு இருட்டுமுன் சேரலாம் என்பது அவர்களுக்கு முதற்கேள்வியாம். விடையை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். திருத்தித் தர வேண்டியவன் நான்.